முதல் தண்ணீர்

ஓடுகிறேன். இடுப்பில் குழந்தை. வலக்கையில் வாளி. வாளியில் பாதித் தண்ணீர். ஓட ஓடச் சிந்துகிறது. காலெல்லாம் ஈரம். வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடலாம். வைக்கவில்லை.

பின்னால் துப்பாக்கிச் சத்தம். ஒன்று. உடனே இன்னொன்று. ஒரு மூச்சு விடும் இடைவெளி. பிறகு மூன்றாவது. அது பக்கத்தில் கேட்கிறது. ரப்பர் மரங்கள் இருக்கும் பக்கமா, பெரிய சாலைப் பக்கமா, தெரியவில்லை.

"உள்ள போங்க! எல்லாரும் உள்ள போங்க!"

கத்தியது யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. லாரி ஒன்று உறுமி நிற்கிறது. பூட்ஸ் சத்தம். பொதுக் குழாயடியில் வரிசையாக வைத்திருந்த மண்ணெண்ணெய் டின்கள் உருள்கின்றன. எனக்கு முன்னால் ஓடிய கனகா அக்கா அதையும் சுடும் சத்தம் என்று நினைத்துத் தரையில் குந்திவிட்டார். அவருடைய மகன் பாலன் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தான். நாலு வயதுப் பையன்.

"டின்னும்மா. வெறும் டின்னு."

வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன். முதலில் வாளியைப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதன் பிறகுதான் குழந்தைக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தேன்.

இதை மாற்றி எழுதலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை. அப்போது எங்கள் புத்தி இருந்த நிலை அது.

இடம், மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பேராங். மலாயாவில் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்த பிறகு வந்த மூன்றாவது மாசி. வெள்ளிக்கிழமை காலை. என் பெயர் ராஜம். கான்வென்ட் பள்ளியில் படித்தவள். கணவர் பஸ் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. மகள் வாசுகி அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள்.

இன்று மெர்டேக்கா வந்துவிட்டது, நாட்டுக்குச் சுதந்திரம். வாசுகி பள்ளிக்கூடத்தில் கொடி வரைகிறாள். சண்டை காட்டில் நடந்தது என்று அவளுக்குச் சொல்லித் தருகிறார்கள். காட்டில் நடந்ததை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் வரிசை வீடுகளில் நடந்ததை எழுத யாரும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

தை மாதக் கடைசி. ஒரு பிற்பகல். செங் ஊர்ப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. இடி மாதிரி இல்லை. தூரத்தில் பெரிய கதவு ஒன்றை அறைந்து சாத்தியது போல இருந்தது. எங்கள் தகரக் கூரை ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. மாலையில் குழாய் நின்றது.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளைக் காட்டுக்காரர்கள் என்போம். அவர்கள் வெடி வைத்துவிட்டார்கள் என்றார்கள். பழைய குழாய், தானாக வெடித்திருக்கும் என்றார் என் கணவர். பட்டாளத்து லாரி ஏறி உடைந்தது என்று மளிகைக் கடைக்காரர் சொன்னார். சொல்லிவிட்டுக் கடை வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார். எது உண்மை என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு தண்ணீர் தன் இஷ்டத்துக்கு வந்தது. ஒரு நாள் விடியலில். ஒரு நாள் நடுப்பகலில். இரண்டு நாள் வராமலே இருக்கும். ஊரடங்கு போட்டு, யாரும் வாசலைத் தாண்டக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போன பிறகு, திறந்து கிடந்த குழாயில் கொட்டிக்கொண்டே இருந்த நாளும் உண்டு. சன்னல் இடுக்கில் நின்று பார்த்தோம். ஒவ்வொரு சன்னலிலும் ஒரு முகம். தண்ணீர் லோங்காங்கில் விழுந்து ஓடியது. சாக்கடைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

தண்ணீர் வருவதற்கு முன் குழாய் சத்தம் போடும். முதலில் நீளமாக ஒரு காற்று. பிறகு இருமல். பிறகு ஒரு துப்பல், செம்மண் நிறத்தில். அப்புறம்தான் ஒழுக்கு. இருமல் கேட்டதுமே பெண்கள் ஓடுவோம். குழந்தை அழுதால் எழாதவர்கள்கூட அதற்கு எழுந்தார்கள்.

வீட்டுக்குள் தண்ணீருக்குச் சாதி வந்தது. அரிசி கழுவிய தண்ணீர் பாத்திரத்துக்கு. பாத்திரம் கழுவியது குழந்தைத் துணியின் முதல் அலசலுக்கு. அந்தத் துணி அலசியது கக்கூஸ் தரைக்கு. குளியல் இவருக்கு மட்டும், ஆபீஸ் போகிறவர் என்பதால். எனக்கு ஈரத் துணியால் துடைப்பு. வாசல் தெளிப்பதை நிறுத்தினோம். இருந்த பாத்திரம் எல்லாம் தண்ணீர்ப் பாத்திரம் ஆயிற்று. சோற்றுப் பானை, மாவு வைக்கும் தகரத் தோங்கு, என் கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டா. பலகை போட்டு மூடினேன். மூடியும் புழு நெளிந்தது. குழந்தைக்கு வேண்டியதைத் தனியாகக் கொதிக்க வைத்தேன். ஆரோக்கியப் பாடத்தில் படித்ததை விடவில்லை. கொதித்ததா, நன்றாகக் கொதித்ததா, மூடியை யாராவது திறந்தார்களா என்று மறுபடி மறுபடி பார்த்தேன். ஆற வைத்ததை மீண்டும் அடுப்பில் ஏற்றிய நாட்களும் உண்டு.

ஒரே ஒரு தண்ணீர் இந்தக் கணக்குக்கு வெளியே இருந்தது. முதல் தண்ணீர்.

குழாய் திறந்ததும் வருகிற தண்ணீரில் யார் கையும் பட்டிருக்காது. யார் எச்சிலும் பட்டிருக்காது. அது சாமிக்கு. எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் இதே வழக்கம். முதல் குடம் பிடிப்பவள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சொம்பு ஊற்றித் தர வேண்டும். கலங்கலாகத்தான் இருக்கும். வெள்ளைத் துணியில் வடிகட்டித் தெளிய வைப்போம். மேலாக எடுத்துச் சாமி படத்தின் முன்னால் வைப்போம். இவர் குளித்து, விபூதி இட்டு, கும்பிட்டுவிட்டு அதில் ஒரு கரண்டி எடுத்து வாசுகியின் வாயில் விடுவார். பிறகுதான் சட்டை மாட்டுவார். துப்பாக்கிச் சத்தம் கேட்ட நாளிலும் அதை விடவில்லை. அந்தக் காலத்தில் அது ஒன்றுதான் எனக்குத் தைரியம் தந்தது.

முதல் குடத்துக்குச் சண்டை நடக்கும். பெரும்பாலும் கனகா அக்காதான் ஜெயிப்பார். அவர் வீடு குழாயை ஒட்டி இருந்தது. வாயும் அப்படி.

"நேத்தும் நீங்கதான் எடுத்தீங்க."

"நீ தூங்கினா நான் என்னா செய்றது? வேணும்னா குழாயடியில பாயப் போட்டுப் படுத்துக்க."

"தண்ணியில விஷம் கலக்குறாங்களாம் அக்கா. கேள்விப்பட்டீங்களா?"

"விஷம் கலக்கணும்னா மொதல்ல தண்ணி வரணும் லா. அவனும் எங்க கூட வந்து லைன்ல நிக்கட்டும்."

சிரித்தோம். சிரித்துவிட்டு, தண்ணீரை முகர்ந்து பார்த்தோம். எல்லாரும் முகர்ந்தார்கள். நான் பார்த்தேன்.

எங்கள் வரிசைக்குப் பின்னால் சிட்டிக் கம்போங், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்துவிட்ட சிட்டிகளின் குடியிருப்பு. அங்கே மீனாச்சி வீட்டில் ஒரு கிணறு. மீனாச்சிக்குக் கனகா அக்கா வயது இருக்கும். நம் சாமிதான் கும்பிடுவாள். நெற்றியில் விபூதி இருக்கும். ஆனால் பேச்சு மலாய். தமிழ் பாதிதான் புரியும். குழாய் நின்ற புதிதில் வேலிப் பலகை ஒன்றைக் கழற்றி எல்லாரையும் உள்ளே விட்டாள். "அம்பில், அம்பில்," எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். நாங்களும் எடுத்தோம்.

மாசி பிறந்ததும் பாலனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பிறகு கடைசி வீட்டு அஞ்சலையின் பச்சைக் குழந்தைக்கு. பிறகு என் வாசுகிக்கு. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரெசர் ஒருவர் பார்த்தார். "தண்ணி மாத்திக் குடிச்சிருப்பாங்க," என்றார். மாற்றிக் குடித்த தண்ணீர் எது என்று எங்களுக்குள்ளே யோசித்தோம். கிணற்றுத் தண்ணீர்.

குழாயடியில் பேச்சு மாறியது.

"ஊருக்கே தண்ணி இல்லாதப்ப அவ கிணத்துல மட்டும் எப்படி ஊறுது?"

"அவ வீட்டுப் பிள்ளைங்க மூணும் நல்லா ஓடி ஆடுதுங்க. பாத்தியா?"

"ராத்திரியில யாரோ வந்து தண்ணி எடுத்துக்கிட்டுப் போறாங்களாம். நம்ம ஆளுங்க இல்ல. காட்டுக்காரங்க."

"சும்மா இரு. காத்துக்கும் காது இருக்கு."

நானும் அங்கே நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்தது. மீனாச்சியின் கணவரை லாரியில் ஏற்றிப் போனார்கள். கிணற்றின் மேல் பலகை அடித்தார்கள். ஆணி இறங்கும் சத்தம் எங்கள் சமையலறைக்குக் கேட்டது. கடைசி ஆணிக்குப் பிறகு மீனாச்சியின் குரல் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. போலீசுக்குச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். இரவில் என் கணவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வரிசையில் மனு எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் என்னைப் பார்த்தபடி படுத்திருந்தார். இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

கிணறு மூடிய பிறகும் பாலனுக்கு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை கனகா அக்கா முதல் குடத்தை எடுத்தார். தீர்த்தம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பாலன் இறந்தான். ஊரடங்கு இருந்தது. அனுமதி வாங்கி நாலு பேர் மட்டும் தூக்கிப் போனார்கள். குளிப்பாட்ட ஒரு குடம் தண்ணீர் வேண்டியிருந்தது. எல்லா வீட்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம்.

வாசுகியின் கண்கள் குழிந்துவிட்டன. அழுதாள், கண்ணீர் வரவில்லை. நான் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். பால் டின்னை. பால்காரரை. என் கையை. அடுப்பை. அண்டாவின் ஈயப் பூச்சை. குழந்தையைக் கொஞ்ச வந்தவர்களை. என் தாய்ப்பாலைக்கூட. கொதிக்க வைத்ததை மறுபடி கொதிக்க வைத்தேன். சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். இவர் சொம்பை எடுத்து இன்னொரு கரண்டி கொடுத்தார்.

பிறகு பெரிய ஊரடங்கு வந்தது. குருபோங் போகிற சாலையில் ஏதோ நடந்தது என்றார்கள். நாள் முழுக்க, அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் கதவைத் திறக்க விடவில்லை. குழாய் இருமியது. யாரும் போகவில்லை. சாமி முன் சொம்பு காய்ந்தது. வெந்த தண்ணீரைச் சாமிக்கு வைப்பதில்லை. ஆகவே வைக்கவில்லை. குழந்தைக்குத் தீர்த்தம் இல்லை. பழைய தண்ணீரையே கொதிக்க வைத்துக் கொடுத்தேன்.

வாசுகிக்குப் போக்கு நின்றது. பால் குடித்தாள். என் மூக்கைப் பிடித்தாள்.

ஊரடங்கு எடுத்தார்கள். முதல் குடம் வந்தது. தீர்த்தம். மறுநாள் மாலை மறுபடி தொடங்கியது.

நான் அந்தச் சொம்பைப் பார்த்தேன். பார்த்ததற்காக என் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமி தண்ணீரைச் சந்தேகப்படுகிறேனே என்று பயம். மற்றவை எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் இதை மட்டும் ஏன் விட்டேன் என்று இன்னொரு பயம்.

அடுத்த முறை குழாய் நிற்கும்போது அங்கேயே இருந்தேன். மற்றவர்கள் போய்விட்டார்கள். ஒழுக்கு மெலிந்தது. நூலானது. கடைசிச் சொட்டைப் பிடிக்கக் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தேன். தோல் உள்ளே இழுபட்டது. பால் குடிக்கும் பிள்ளை பற்றுவது போலப் பற்றியது. கையை எடுத்தேன். காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. மெல்லிய ஸ்ஸ். தண்ணீர் வரும்போது கேட்பது வெளியே வரும் காற்று. இது உள்ளே போனது.

குழாய் லோங்காங் வழியாகப் போகிறது. ஓரமாகவே நடந்தேன். கனகா அக்கா வீட்டுப் பக்கம் ஒரு இணைப்பு. யாரோ எப்போதோ சாக்கு சுற்றிக் கம்பி கட்டியிருந்தார்கள். அது கறுப்புத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. குந்திப் பார்த்தேன். ஒரு வெங்காயத் தோல் மிதந்தது. ஓட்டத்துக்கு எதிராக மெல்ல நகர்ந்தது. சாக்கில் போய் ஒட்டிக்கொண்டது. அப்படியே நின்றது.

எல்லார் வீட்டுக் கழிவும் அந்த லோங்காங்கில்தான் போகிறது. குழாய் நிற்கும்போது அதைக் குடிக்கிறது. திறக்கும்போது முதலில் அதைத் துப்புகிறது. அந்த முதல் துப்பலுக்குத்தான் நாங்கள் சண்டை போட்டோம்.

இவரைக் கூட்டிப் போனேன். "கையை வெச்சுப் பாருங்க," என்றேன். வைத்தார். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு வெங்காயத் தோலையும் காட்டினேன்.

"அப்ப நான் குடுத்தது?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதுல்லங்க."

"சாமிக்கு என்னா வைக்கிறது, ராஜம்?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. இருவரும் மீனாச்சி வீட்டுக்குப் போனோம்.

அவள் கதவைப் பாதிதான் திறந்தாள். கணவர் அதற்குள் வீடு திரும்பியிருந்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து எழவில்லை. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் வேண்டும் என்று மலாயில் கேட்டேன்.

"சியாப்பா பாக்கு, டியா புக்கா," என்றாள். ஆணி அடித்தவனே வந்து பிடுங்கட்டும் என்று அர்த்தம்.

"நாங்க சொல்லல மீனாச்சி. சத்தியமா."

"எல்லா வீட்டிலும் இதையேதான் சொல்கிறார்கள்," என்றாள், மலாயில். "அப்படியானால் யாருமே சொல்லவில்லை. போலீசுக்குக் கனவு வந்திருக்கிறது."

இவர் தலையைக் குனிந்தார். அவள் உள்ளே போனாள். கதவு திறந்தே இருந்தது. போய்விடச் சொல்கிறாளா, நிற்கச் சொல்கிறாளா, புரியவில்லை. நின்றோம். ஒரு கூஜா நிறையத் தண்ணீரோடு வந்தாள். பின்பக்கத்தில் ஒரு பலகையை அவளே நெம்பி வைத்திருக்கிறாள். அவர்கள் அத்தனை நாளும் அதைத்தான் குடித்திருக்கிறார்கள். அவளுடைய மூன்று பிள்ளைகளும் வாசலில் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கூஜாவைக் கொடுப்பதற்கு முன் அவளே ஒரு மிடறு குடித்தாள். நான் கேட்கவில்லை. ஆனால் அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

அன்றிலிருந்து சாமிக்குக் கிணற்றுத் தண்ணீர். வாசுகியின் வாயில் இவர் ஊற்றவில்லை. நெற்றியில் மட்டும் தொட்டு வைத்தார். குழந்தை தேறினாள். இவர் குழாய் ஆபீசுக்குப் போய்ச் சொன்னார். ஆட்கள் வெளியே போக முடியாத நேரம், பொறுங்கள் என்றார்கள். அஞ்சலையின் புருஷனும் இவரும் ரப்பர் ஷீட் கொண்டுவந்து அந்த இணைப்பை இறுகக் கட்டினார்கள். அஞ்சலையின் குழந்தை அதற்கு முந்தைய வாரமே போய்விட்டது.

மற்ற வீடுகளுக்குச் சொன்னோம். முதல் தண்ணீரைத் தரையில் விடுங்கள் என்றோம். சிலர் கேட்டார்கள். சிலர், போலீஸ் அடைத்த கிணற்றில் குடிப்பவள் சாமி தண்ணீரைக் குறை சொல்ல வந்துவிட்டாள் என்றார்கள். கனகா அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. மற்றவர்களும் அவரிடம் சொல்லத் துணியவில்லை. ஒவ்வொரு காலையும் சொல்லக் கிளம்பினேன். வாசல்வரை போனேன். பாலன் சாகும் நாள்வரை யார் கையால் தீர்த்தம் குடித்தான் என்பது எனக்குத் தெரியும். நான் சொன்னால் அவருக்கும் தெரியும். அவருக்கு இன்னொரு பிள்ளை இருந்தாள். சாந்தி. ஆறு வயது. இணைப்பைக் கட்டிவிட்டோமே, இனி ஒன்றும் வராது என்று என்னையே சமாதானப்படுத்தினேன். இந்த இணைப்பு ஒன்றுதானா என்று உடனே தோன்றியது. குழாய் எவ்வளவு தூரம் வருகிறது.

ஒரு காலை. குழாய் இருமியது. கனகா அக்கா முதல் குடத்தோடு உள்ளே போனார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர்தான். துணி காயப் போட வெளியே வந்தவள் அவர் வீட்டுப் பின்வாசல் வழியாகப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. சாந்தி கைகூப்பி வாயைத் திறந்து நின்றாள். கரண்டி அவள் வாயை நோக்கிப் போனது.

"குடுக்காதீங்க அக்கா! குடுக்காதீங்க!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. தெருவில் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. சுடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். கனகா அக்காவின் கை அப்படியே நின்றது.

உள்ளே போனேன். கரண்டியை வாங்கிக் கீழே வைத்தேன். சொன்னேன். குழாய் உள்ளே இழுப்பதை. லோங்காங்கை. வெங்காயத் தோலை. முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. வாய்க்குப் பேர்போன அக்கா.

"அப்ப பாலனுக்கு?" என்றார் கடைசியில்.

நான் கீழே வைத்த கரண்டியைப் பார்த்தேன்.

"அவன் வேணாம்னுதான் சொன்னான். கசக்குதும்மான்னான். சாமி தண்ணி, துப்பக் கூடாதுன்னு நான்தான் மூக்கப் புடிச்சு ஊத்துனேன்."

சாந்தியை என் பக்கம் தள்ளினார். சொம்பை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். லோங்காங்கில் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு விழும்வரை கவிழ்த்தபடியே நின்றார். திரும்பி வந்து, காலியான சொம்பைச் சாமி முன்னால் வைத்தார். அதற்கு மேல் என்னோடு பேசவில்லை. அன்றும் இல்லை. பிறகும் இல்லை. சாந்தியை மட்டும் தினமும் என் வீட்டுக்கு அனுப்பினார். கையில் ஒரு டம்ளர். கொதிக்க வைத்த தண்ணீருக்கு.

எங்கள் வரிசையின் கணக்கு இது.

மீனாச்சி குடும்பம் வீட்டை விற்றுவிட்டுத் தெங்கேரா பக்கம் போனது. வாங்கியவர்கள் கிணற்றில் மண் போட்டு மூடிவிட்டார்கள். போலீசுக்குச் சொன்னது யார் என்று இதுவரை தெரியவில்லை. ஒருவர் மேலிருந்தும் சந்தேகம் நீங்கவில்லை. மெர்டேக்கா அன்று எல்லாரும் ஒரே பந்தலில் சாப்பிட்டோம். யாருக்கு யார் பரிமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டோம்.

கனகா அக்காவின் பேச்சு போனது.

குண்டு பட்டு இறந்தவர் எங்கள் வரிசையில் யாரும் இல்லை.

தண்ணீரில் இருவர். பாலன், நாலு வயது. அஞ்சலையின் மகள். அவளுக்குப் பெயர் வைக்க நாள் பார்த்திருந்தார்கள்.